வெறுங்கால் பூசாரி

கோதண்டராமனுக்கு ஒரு கரடிச்சாமி உண்டு என்று சொன்னால் வேங்கிக்காலில் யாரும் நம்பமாட்டார்கள். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாற்பத்தைந்து வயது மனிதர். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அதைப் பற்றிக் கேட்கவும் ஆளில்லாமல் போனவர். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்பதற்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஃபோனில் ஒரு விளையாட்டுக்குள் நுழைந்துவிட்டால் மனிதர் தோளில் கோடரியோடு பனிமலையில் திரியும் போர்க்குடி வீரர். மலையடியில் இரண்டு காலில் எழுந்து நிற்கும் கல்கரடிதான் அந்தக் குடிக்குத் தெய்வம்.

அவரை உள்ளே இழுத்துவிட்டவன் பலராமன். அடி அண்ணாமலைக்காரன், பக்கத்துக் கடையில் செல்ஃபோன் ரிப்பேர் பார்த்தவன். முதல் நாள் கரடிச்சாமிக்கு முன்னால் மற்ற வீரர்கள் மாரில் அடித்துக்கொண்டு உறுமினார்கள். அங்கே கும்பிடுகிற முறை அதுதான். நம்ம ஆள் என்ன செய்தார்? சாமிக்கு முன்னால் செருப்போடு நிற்பதாவது என்று வீரனின் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மலையை வலமாகச் சுற்றக் கிளம்பிவிட்டார். பூட்ஸ் இல்லாவிட்டால் பனி கொன்றுவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பாதி வழியில் ஒரு கரும்பாறை ஓரமாக வீரன் விறைத்து விழுந்து செத்தான். ஹெட்போனில் குடி மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ.

அப்புறம் அதுவே குடியின் வழக்கமாகிவிட்டது. ஒருவர் வெறுங்காலோடு சுற்ற, இன்னொருவர் தீப்பந்தத்தோடு கூடவே நடந்து குளிர் காப்பார். கோதண்டராமனை எல்லோரும் 'பூசாரி' என்று கூப்பிட்டார்கள். கடையில் தனியாக இருக்கும்போது அந்தப் பெயரை நினைத்துக்கொள்வார்.

பிறகு ஒவ்வொருவராக வேறு விளையாட்டுக்குப் போனார்கள். போன மாதம் பலராமனும் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. பௌர்ணமிதோறும் இரண்டு பேராவது கரடிக்கு முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குடி அழிந்துவிடும். பௌர்ணமியன்று காலையில் இவர் வெட்கத்தை விட்டுப் பலராமனுக்கு ஃபோன் போட்டார்.

"அதெல்லாம் வுட்டுட்டேன்ணா. வேலை ஜாஸ்தி."

"ஒரு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போப்பா. இல்லன்னா குடியே போயிடும்."

"சரிண்ணா, சாயந்தரம் ஆவட்டும்."

அன்று சாயந்தரம் கடைக்கு வெளியே கிரிவல ஜனம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை கூட்டத்தில் அவருக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னபடி பலராமனின் வீரன் வந்துவிட்டான். கோதண்டராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பூட்ஸைக் கழற்றினார். அந்த வீரன் பந்தத்தை எடுக்காமல் மரம் மாதிரி நின்றான்.

"பந்தத்த எடு பலராமா, சுத்திட்டு வந்துடலாம்."

"நான் பலராமன் இல்லீங்க," என்றது பழக்கமில்லாத ஒரு குரல். "அவரு இந்த ஐடிய எனக்குக் குடுத்துட்டாரு. வந்து நின்னா போதும்னு சொன்னாரு. நின்னாச்சு, போலாங்களா?"

"போங்க," என்றார் கோதண்டராமன்.

கல்கரடியின் கண்கள் எரிந்தன. குடி பிழைத்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. பக்கத்தில் நின்ற வீரன் மறைந்துபோனான்.

பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். மனசு வரவில்லை. பந்தம் பிடிக்க ஆளில்லாமல் வெறுங்காலோடு சுற்றக் கிளம்பினார். அதே பாறை ஓரத்தில் வீரன் விறைத்து விழுந்தான். ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.