இஞ்சின் வீட்டுக் கித்தார்

வளைவுத் தோட்டத்தில் சாயங்காலம் விளக்கு எரிந்தால் அது அர்ச்சுனன் கைவேலை. கோலா சாவா ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை, ரப்பர் மரங்களுக்கு நடுவே கடைசியாக ஒருமுறை வளையும் இடத்தில் அந்தத் தோட்டம். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆள் உயர டீசல் இஞ்சின். இருட்டுவதற்கு முன் அதை முடுக்குவதும், லயத்து வீடுகள் படுக்கப் போகும்போது நிறுத்துவதும் அவர் வேலை. நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் விளக்கை ஒருமுறை மங்கவைத்துக் காட்டுவார். அதைப் பார்த்ததும் வீடுகளில் இஸ்திரிப் பெட்டி பிடுங்கப்படும், பாய் விரிக்கப்படும்.

அவர் கித்தாரும் வாசிப்பார். தோட்டத்தில் ‘வளைவு பாய்ஸ்’ என்று ஒரு இசைக்குழு இருந்தது. லோரி ஓட்டும் முருகையாதான் பாட்டுக்காரர், தலைவர். ரந்தாவ், தம்பின் பக்கம் கல்யாணமோ கோயில் திருவிழாவோ என்றால் முருகையாவின் லோரியிலேயே டிரம்மும் ஒலிபெருக்கிகளும் ஏறும். பாட்டு முருகையாவுடையது. ஆனால் பாட்டுக்கு முன்னால் வரும் கித்தார் துண்டை அர்ச்சுனன் எடுத்ததும்தான் கூட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும்.

பழகுவதற்கு இஞ்சின் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது என்பார். மின்சாரம் பிறக்கிற இடத்திலேயே பிளக். சத்தம் போடாதே என்று சொல்ல ஆள் இல்லை. ஒரே தொல்லை, இஞ்சின் சத்தம். அதற்கு வழி, ஆம்ப் பெட்டியின் குமிழை இஞ்சினை மிஞ்சும் வரை திருகுவது. காதில் மாட்டிக்கொள்ள மேனேஜர் ஒரு மூடி கொடுத்திருந்தார். அதை மாட்டினால் இஞ்சின் கேட்காது, கித்தாரும் கேட்காது. மூடி ஆணியில் தொங்கியது. வருடக்கணக்கில் தொங்கி, அதற்குள் குளவி கூடு கட்டியது.

அவர் மனைவி பஞ்சாலை காலையில் பால்மரம் வெட்டப் போவார். சாயங்காலம் இஞ்சின் வீட்டுக்குக் கோப்பி கொண்டுவருவார். கூப்பிட்டுப் பயனில்லை என்பதால் நேரே போய் ஆம்ப் குமிழைத் திருகி அடைப்பார். அப்போதுதான் அர்ச்சுனன் நிமிர்வார்.

“இந்தச் சத்தத்துல பேயி கூட இங்க குடியிருக்காதுலா,” என்பார் பஞ்சாலை.

“அதான் நாம இருக்கோம்,” என்பார் அவர்.

எண்பத்தாறாம் ஆண்டு தோட்டத்துக்குள் மின்கம்பங்கள் வந்தன. அரசாங்க மின்சாரம், பகலும் இரவும். முதல் நாள் பிள்ளைகள் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். அர்ச்சுனன் இஞ்சினைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார். மறுநாள் முதல் புல்லு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் மருந்துத் தொம்பு, கையில் குழாய்.

அன்று சாயங்காலம் தன் பழைய கித்தாரை, பலகை போல உள்ளே கட்டையாக இருக்கும் அந்தக் கித்தாரை, முதன்முறையாக வீட்டுக் கூடத்தில் வைத்து மீட்டினார். தடித்த தந்திகள் கேட்டன. மெல்லிய தந்திகள் தூரத்து வீட்டில் யாரோ வாசிப்பது போல இருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு விசில். சன்னமான, நிற்காத விசில். ஜன்னலைச் சாத்தினார். விசில் நிற்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தார். எந்த இஞ்சினும் ஓடவில்லை.

தோட்டத்து மருந்தகத்து டிரெசர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “காது சுத்தமாத்தான் இருக்கு அர்ச்சுனா. உள்ள நரம்பு போயிருக்கு. இஞ்சின் சத்தம், வேற என்னா? இதுக்கு மருந்து கெடையாது.”

“யாருக்கும் சொல்லிடாதீங்க சார்.”

“நான் ஏன் சொல்றேன்? நீதான் எல்லாரையும் ரெண்டு தடவ பேச வைக்கப் போற.”

பஞ்சாலையிடம்கூட அவர் சொல்லவில்லை. முருகையாவுக்குத் தெரிந்தால் அடுத்த நிகழ்ச்சிக்குச் சிரம்பானிலிருந்து வேறு கித்தார்காரர் வந்துவிடுவார். இஞ்சினும் போய் மேடையும் போனால் முதுகில் இருக்கும் தொம்பு மட்டும்தான் மிச்சம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வருடக் கடைசி போனஸ் வந்ததும் பஸ் ஏறிச் சிரம்பானுக்குப் போனார். அங்கே ஒரு சீனர் வைத்திருந்த இசைக்கருவிக் கடையில் கித்தார்கள் வரிசையாகத் தொங்கின. கடை முதலாளியான தௌக்கே, “சூபா, சூபா,” என்று தாராளமாக வாசித்துப் பார்க்கச் சொன்னார். பலகைக் கித்தார்கள் எல்லாம் ஒரே கதை. கோடியில் ஒன்று செந்திராட்சை நிறத்தில் தொங்கியது. வயிற்றில் இரண்டு பக்கமும் வயலினுக்கு இருப்பது போல வளைந்த துளைகள்.

“செமி ஹாலோ,” என்றார் தௌக்கே. நடுவில் மட்டும் ஒரு கட்டை, இரண்டு பக்கமும் காலிக் கூடு என்று விரலால் தட்டிக் காட்டினார்.

அர்ச்சுனன் அதை மடியில் வைத்துக் குனிந்து, தடித்த தந்தியை மீட்டினார். விலா எலும்பில் நடுக்கம் ஏறியது. தாடையைக் கித்தாரின் தோளில் ஊன்றிக்கொண்டு மெல்லிய தந்தியை மீட்டினார். கேட்டது. காதால் என்று சொல்ல முடியாது. பல்லில், கன்னத்தில், எங்கோ உள்ளே. ஆனால் கேட்டது. ஆம்ப் கூட இல்லாமல்.

தௌக்கே ஆம்ப் பெட்டியைக் காட்டி, செருகித் தரட்டுமா என்றார். அர்ச்சுனன் வேண்டாம் என்று தலையாட்டினார். செருகி வாசித்தால் என்ன ஆகும் என்பதை அங்கேயே பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாலை கித்தாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “உள்ள ஒன்னுமே இல்லியே. ஏமாத்திட்டானா?”

“உள்ள ஒன்னும் இல்லாததுதான் அதோட வெசேசம்.”

“அப்ப உங்க தலய வித்திருந்தா நல்ல வெல கெடச்சிருக்கும்.”

ஒரு வாரம் சாயங்காலங்கள் அதைச் சரிப்படுத்துவதில் போயின. கடைத் தந்திகளைக் கழற்றிவிட்டுத் தடித்த தந்திகளைப் போட்டார். தடித்தது அதிகம் நடுங்கும் என்பது கணக்கு. தடித்த தந்தி கழுத்தை இழுத்தது. தந்திகள் மேலே எழும்பி, விரலை அழுத்த முடியாமல் போனது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கொஞ்சம் திருகி, ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் பார்த்து, இன்னும் கொஞ்சம் திருகினார். தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் வெட்டுகள் புதுத் தந்திக்குப் போதவில்லை. சிறிய அரத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அராவினார். பிறகு தந்திகளைத் தாங்கும் பாலத்தின் திருகுகளை இறக்கினார்.

சுருதி சேர்ப்பது மட்டும் கண்ணால் செய்கிற வேலை அல்ல. ஒரே சுரத்தை இரண்டு தந்திகளில் சேர்த்து மீட்டினால், கொஞ்சம் பிசகியிருந்தாலும் ஒலி அலைபோல ஏறி இறங்கும். சேரச் சேர அலை மெதுவாகும்; சேர்ந்ததும் நின்றுவிடும். அர்ச்சுனன் கித்தாரின் தோளைப் பல்லில் கடித்துக்கொண்டு, பல்லில் அடிக்கும் அலை நிற்கும் வரை முறுக்கினார்.

அடுப்படியிலிருந்து பார்த்த பஞ்சாலை கேட்டார்: “கித்தார எதுக்குங்க கடிக்கிறீங்க?”

“மரம் நல்ல மரமான்னு பாக்குறேன்.”

பஞ்சாலை சிரிக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ரந்தாவ் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் புதுக் கித்தார் மேடையேறியது. கூட்டம் தகரக் கூரைக்கு வெளியேயும் நின்றது. முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவது பாட்டில் டிரம் சத்தம் எல்லாவற்றையும் மூடியதால், அர்ச்சுனன் நடுக்கம் போதாமல் ஆம்ப் பெட்டியை நோக்கிப் பின்னால் நகர்ந்தார். நெருங்க நெருங்கக் கித்தாரின் கூடு நன்றாக அதிர்ந்தது. விலா முழுக்கப் பாட்டு நிறைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தபடி வாசித்தார்.

அப்போதுதான் கித்தார் வீறிட்டது. பெட்டியின் சத்தம் காலிக் கூட்டுக்குள் புகுந்து, திரும்பப் பெட்டிக்கே போய், சுற்றிச் சுற்றி ஏறி, ஊசிபோல ஒரு விசிலாக நின்றது. கைக்குழந்தைகள் அலறின. முன்வரிசையில் கோயில் தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“ஏய் கித்தாரு! விசில நிறுத்துயா!”

“தவளய மிதிச்சிட்டானா?”

முருகையா பாட்டை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டினார். அர்ச்சுனன் அதை இன்னும் அழுத்தி வாசிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, இன்னும் ஓரடி பின்னால் போனார்.

கூட்டத்துக்குள்ளிருந்து பஞ்சாலை எழுந்து வந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைப் பலகையில் ஏறினார். நேரே போய் ஆம்ப் குமிழைத் திருகி அடைத்தார். அர்ச்சுனன் நிமிர்ந்தார். மனைவியின் கையில் கோப்பி இல்லை. எதிரே முந்நூறு முகங்கள். அப்போது அவருக்குப் புரிந்தது. பஞ்சாலைக்கும்.

மிச்சப் பாட்டுகளைக் கித்தார் இல்லாமல் முடித்தார்கள். லோரியின் பின்பக்கத்தில் சாமான் ஏற்றும்போது முருகையா வந்தார்.

“என்னாண்ணே இது? ஊரே காதப் பொத்திக்கிட்டு நிக்குது, நீங்க சிரிச்சிக்கிட்டு வாசிக்கிறீங்க!”

“எனக்குத் தெரியலப்பா.”

“எது தெரியல? அந்த விசிலு ரந்தாவ் முழுக்கக் கேட்டிருக்கும்லா!”

“விசிலு எனக்கு எப்பவும் கேக்குது முருகையா. காதுக்குள்ள. எது கித்தார் விசிலு, எது என் விசிலுன்னு பிரிக்கத் தெரியல.”

முருகையா டிரம்மைக் கீழே வைத்தார். “எப்பலேர்ந்து?”

“இஞ்சின நிறுத்துனதுலேர்ந்து.”

“அப்பவே சொல்ல வேண்டிதானே?”

“சொன்னா வச்சிருப்பியா?”

முருகையா டிரம்மை ஏற்றினார். பிறகு, “அடுத்த மாசம் கோலா கிளாவாங்ல கல்யாணம் இருக்கு. அந்த விசில அடைங்க. அடைக்க முடியலன்னா சொல்லுங்க, நான் வேற ஆளு பாக்கணும்,” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அர்ச்சுனனைக் குத்தியது.

சிரம்பான் தௌக்கே விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். பெரிய மேடைக்காரர்கள் எல்லாம் செய்வதுதான் என்று வளைந்த துளையைக் காட்டி, “இசி காபாஸ்,” என்றார். பஞ்சு அடை.

வீட்டில் பஞ்சு என்றால் தலையணைதான். பஞ்சாலை தன் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்துக் கொடுத்தார். அர்ச்சுனன் மீன்பிடிக் கம்பியால் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தார். கூடு நிறைந்தது. ஆம்பைச் செருகிப் பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டினார்.

“கேக்குதா விசிலு?”

“இல்லங்க. சுத்தமா இல்ல.” பஞ்சாலையின் முகம் மலர்ந்தது. “கித்தார் மட்டும்தான் கேக்குது. நல்லா கேக்குது.”

அர்ச்சுனன் தாடையை ஊன்றினார். விலாவை ஒட்டிப் பிடித்தார். தலையணையைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. விசிலை அடைத்த பஞ்சு அவருடைய பாட்டையும் அடைத்துவிட்டது. பாதிப் பஞ்சை எடுத்துப் பார்த்தார். பாதி நடுக்கம் வந்தது. விசிலும் வந்தது என்றார் பஞ்சாலை. திரும்பத் திணித்தார்.

“மேடையில எப்படி வாசிப்பீங்க?”

“வெரலுக்குத் தெரியும்லா.”

விரலுக்குத் தெரிந்துதான் இருந்தது. கோலா கிளாவாங் கல்யாணத்தில் அவர் டிரம்காரரின் கையையும் முருகையாவின் செருப்புக் காலையும் பார்த்து வாசித்தார். முருகையா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினால் சரி. புருவம் சுருங்கினால் ஏதோ பிசகு. புருவம் ஒரு தடவைகூடச் சுருங்கவில்லை. கூட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டது. மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து கை குலுக்கினார். திரும்ப லோரியில் ஏறும்போது முருகையா, “அண்ணே, இன்னிக்கி மாதிரி நீங்க வாசிச்சதே இல்ல. வேற ஆளப் பத்திப் பேச்சே கெடையாது,” என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வசதியாக, முகத்தை நேரே திருப்பி, நிறுத்திச் சொன்னார்.

அர்ச்சுனன் தலையாட்டினார்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் பஞ்சாலை கோயில் கூட்டத்திலிருந்து திரும்பியபோது, கூடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் கித்தாரைக் குப்புறப் போட்டு, மீன்பிடிக் கம்பியின் கொக்கியால் அவர் பஞ்சை இழுத்துக்கொண்டிருந்தார். தாளில் பஞ்சு குவிந்திருந்தது. மீசையிலும் பஞ்சு.

“அடுத்த வாரம் தம்பின்ல நிகழ்ச்சி இருக்குன்னு முருகையா சொல்லிட்டுப் போனாரே?”

“காலைல போய் வேற ஆள் பாக்கச் சொல்லிட்டேன்.”

“ஏங்க? நேத்து எல்லாரும் அவ்ளோ பாராட்டுனாங்களே?”

“பாராட்டுனாங்க. நேத்து யாரு வாசிச்சான்னு எனக்குத்தான் தெரியல பஞ்சாலை. நான் அங்க இல்ல.”

பஞ்சாலை எதிரே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அது பஞ்சாலைக்கு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முற்றத்தில் காய்ந்த தலையணை உறையை எடுத்து வந்து, தாளிலிருந்த பஞ்சை அள்ளி அதற்குள் போடத் தொடங்கினார்.

கடைசிப் பஞ்சும் வந்தது. அர்ச்சுனன் கித்தாரை மடியில் நிமிர்த்தினார். ஆம்பைச் செருகவில்லை. தோளைப் பல்லில் கடித்துக்கொண்டு, தந்திகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பிறகு நேற்று மேடையில் வாசித்த அதே துண்டை வாசித்தார். பாதியில் ஒரு சுரம் தவறியது. தவறியது அவருக்குத் தெரிந்தது. நிறுத்தி, முதலிலிருந்து வாசித்தார்.