மூதூரிலிருந்து வரவேண்டிய குரல்

கழுத்துக்கட்டி வெட்டுகிற தொழிலில், நோயாளி கண் விழித்ததும் "நோகுதா?" என்று கேட்பதில்லை, "கதையுங்கோ" என்றுதான் சொல்வோம். தைரொயிட் சுரப்பிக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் கத்தி பட்டால் ஆள் பிழைப்பார், குரல் பிழைக்காது.

போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஆஸ்பத்திரியில் இந்த வேலை பார்த்தேன். மனைவியும் மகளும் கொழும்பில். குவாட்டர்ஸில் நானும் ஒரு டைப்ரைட்டரும். கதைக்க ஆளில்லாதவன் என்ன செய்வான்? ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டுத் தபாலுக்காக ஏங்கிக் கிடக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

பேசாத கமக்காரர்

கிளிவெட்டியில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவருக்குப் பெரிய கட்டி. வெட்டி முடிந்து, கண் விழித்தார். "ஐயா, ஏதும் கதையுங்கோ" என்றேன். என்னையே பார்த்தார். திரும்பவும் கேட்டேன். வாய் திறக்கவில்லை. நரம்பை அறுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கெஞ்சாத குறையாக மூன்றாம் முறை கேட்டபோது கணீரென்று சொன்னார்:

"என்னத்தைக் கதைக்கிறது டொக்டர்? போற இடத்திலை வாயைத் திறக்காதேங்கோ எண்டுதானே மனுசி சொல்லி அனுப்பினவ."

போத்தலும் சிப்பாயும்

வெட்டிய கட்டி புற்றுநோயா இல்லையா என்று கொழும்பில்தான் பார்க்கவேண்டும். வீட்டுக்குப் போகும்போது மருந்துத் தண்ணீரில் போட்டு நானே கொண்டுபோவேன். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த நீண்ட பஸ் பயணத்தில் என்னோடு கதைத்த ஒரே ஆள் அவன்தான். மூடியை இறுக்கிக்கொண்டே அரைகுறைத் தமிழில் மரியாதையாகக் கேட்டான்:

"மாத்தயா, அச்சாறு? ஊறுகாய்?"

அந்த மற்ற ஆள்

ஒருவனே செய்தாலும் "நாங்கள் வெட்டினோம், நாங்கள் கண்டோம்" என்று எழுதுவது எங்கள் கட்டுரைகளின் வழக்கம். ஒப்பரேஷன் தியேட்டர் நர்ஸ் மிஸ்ஸி நான் டைப் அடித்ததை வாசித்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"அந்த மற்ற டொக்டரையும் ஒருநாள் ஓ.பி.டிக்கு அனுப்புங்கோவன், சனம் விடியத் தொடங்கி நிக்குது."

ஓடாத லோஞ்ச்

ஜெசீமா மூதூரில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். கட்டியை எடுத்த பிறகு அவருக்குக் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. நரம்பு அறவில்லை, இழுபட்டிருந்தது. சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். "கட்டாயம் வந்து காட்டுங்கோ" என்று அனுப்பினேன். அதற்குள் சண்டை மூண்டு, குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூருக்கு ஓடுகிற லோஞ்ச் படகு நின்றுபோயிற்று.

அவரைப் பற்றியும் நான் எழுதி அனுப்பிய வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து கேட்டிருந்தார்கள்: கட்டுரையைப் போடுகிறோம், அந்தப் பெண்ணின் குரல் என்னவாயிற்று? எனக்கும் அதுதான் கேள்வி. ஓதிக் கொடுக்கிறவரின் குரலைப் பறித்துவிட்டேனோ என்ற நினைப்பு என்னைத் தின்றது. பின்னேரங்களில் இறங்குதுறைக்குப் போய் நிற்பேன். டிக்கட் கொடுக்கிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்:

"லோஞ்சே இல்லை டொக்டர், நீங்கள் ஆரைக் கூட்டிப்போக வந்தனீங்கள்?"

கட்டுரையில் "தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.

முதல் வாசகி

சஞ்சிகை வந்தது. என் பெயர் அச்சில் இருந்தது. குவாட்டர்ஸில் காட்ட ஆளில்லை. மேசையில் விரித்து வைத்துவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். அப்படியொரு தனிமையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

லோஞ்ச் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம், ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வெளியே யாரோ ஒரு பெண் புருசனைக் கிழிகிழி என்று கிழிக்கிற சத்தம். குடையை லோஞ்சில் விட்டுவிட்டாராம். எட்டிப் பார்த்தேன், ஜெசீமா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டு அழுதேன். பிறகு சஞ்சிகையை எடுத்து, அவரைப் பற்றிய வரியைத் தமிழில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது:

"தெரியாதெண்டு எழுதி வெச்சிரிக்கீங்களே டொக்டர்! ஒரு சொல்லு சொல்லி அனுப்பியிருந்தா கரையில நிண்டு கத்தியிரிப்பனே, இங்க கேட்டிரிக்கும்."

அச்சில் வந்த பிறகு நான் எழுதியவற்றைப் பற்றி என் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்ன ஒரே கருத்து இதுதான், அதையும் எந்தச் சஞ்சிகையும் போடவில்லை.