கொப்பை எடுத்த நாள்

எங்கள் பக்கத்தில் பாலைப்பழக் காலம் வைகாசி கடைசியில் தொடங்கும். அந்த ஒன்றரை மாதமும் நானும் மச்சாளும் விடிய எழும்பி, வாளியும் உரப்பையும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்கல் மலைக்குப் போய்விடுவோம். மச்சாள் என்றால் என் அண்ணனின் மனைவி. இரண்டு பேரும் துணை இல்லாமல் தனித்துப் போனவர்கள், ஒரே வீட்டில் இருக்கிறோம்.

எங்கள் ஊரான கப்பல்துறையில் இருந்து உள்ளுக்கு இரண்டு மணித்தியாலம் நடக்க வேண்டும். மலை நடுவில் பிளந்து கிடக்கும். இரண்டு பக்கமும் வெள்ளைக்கல், பனை உயரத்துக்குச் சுவர் மாதிரி. சில இடத்தில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அதை இடுக்கு என்போம். இடுக்கு முடிகிற அந்தத் தொங்கலில் கிண்ணம் போல ஒரு பள்ளம். அங்கேதான் பாலை மரங்கள். பள்ளத்தில் இருந்து ஊருக்குத் திரும்ப இரண்டு வழி. ஒன்று வந்த இடுக்காலேயே வருவது. மற்றது மேலால், மலை முதுகில் ஏறி, வெயிலுக்குள் சுற்றி வருவது.

பழத்துக்கு நாங்கள் மட்டும் போவதில்லை. கரடியும் வரும். பகலில் அது இடுக்கின் நடுவிலே உள்ள பொந்துக்குள் படுத்துக் கிடக்கும். பேசாமல் போனால் அது தன்பாட்டில் கிடக்கும். ஆனால் முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள் என்றால் அதற்குப் போக வழியில்லை. அப்போதுதான் பாயும். அதனால் பழம் பொறுக்கப் போகிற பெண்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் போகிறவர்கள் பச்சைக் கொப்பு ஒன்றை முறித்து இடுக்கின் வாயில் குறுக்கே போடுவார்கள். உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம். பிறகு வருகிறவர்கள் மேல் வழியால் போக வேண்டும். உள்ளே போனவர்கள் திரும்பி வந்து கொப்பைத் தூக்கி எறிந்தால் வழி திறந்தது.

இப்போது சில வருடமாக மலை நடக்கிற ஆட்களும் வருகிறார்கள். கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும். பாறையில் மஞ்சள் பெயின்றால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். வழிகாட்டி டவுனில் இருந்து வருகிற ஒரு ஐம்பது வயது ஆள். கொப்பின் விஷயம் அவருக்கும் தெரியும், அதை யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொப்பு கிடந்தால் ஆட்களை மேலால்தான் கூட்டிப் போவார். நான் அவர்களைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவேன். முன்பின் தெரியாத ஆட்களோடு கதைக்க எனக்கு வராது.

அன்றைக்கு நாங்கள் கொப்பைப் போட்டுவிட்டுத்தான் போனோம். பொந்துக்குக் கிட்ட ஈரம் காயாத கரடி எச்சம் கிடந்தது, முழுக்கப் பாலை விதை. மச்சாள் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். ஒரு கல்லும் உருளாமல் தாண்டிப் போனோம்.

பள்ளத்தில் பழம் பொறுக்கும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. முதல் நாள் ஒரு கலியாண வீட்டில் மச்சாள் வைத்த குழம்பை ஒருத்தி நாலு பேருக்கு முன்னால் பழித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கொதி.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமோ உனக்கு? ரெண்டு நேரமும் என்ர குழம்புதானே திண்டனி!"

"அவள் பெரிய வாய்க்காரி, மச்சாள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதை. நீ இடுக்காலை போ. நான் மேலாலை வாறன். உன்ர மூஞ்சியைப் பாத்துக்கொண்டு நடக்க ஏலாது."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிற பக்கமாகத் திரும்பிவிட்டாள். நான் தனியாக இடுக்கால் வந்தேன். பொந்துக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதையும் தாண்டி வெளியே வந்து கொப்பைத் தூக்கி எறிந்தேன். மச்சாள் மேலே போகிறாள், உள்ளே ஒருவரும் இல்லை, அப்போ வழி திறந்ததுதானே என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த வழிகாட்டி ஆறு பேரோடு வந்தார். நான் வழக்கம்போல ஒரு வீரை மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். ஒருவரின் முதுகுப் பையில் பாட்டுப்பெட்டி தொங்கிக்கொண்டு பாடியது. வழிகாட்டி இடுக்கின் வாயைப் பார்த்தார். கொப்பு இல்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மச்சாளைக் காணவில்லை. மேல் வழி இறங்குகிற இடத்தைப் பார்த்து நான் கூவினேன். காட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "கூஊ" என்று ஒரு சத்தம்தான்.

பதில் வந்தது. மலை முதுகில் நிற்கிறவளின் கூவல் காற்றோடு பரந்து வரும். இது அப்படி வரவில்லை. குழாய்க்குள்ளால் ஊதின மாதிரி, இடுக்கின் வாயால் வந்தது.

மச்சாள் மேலால் போகவில்லை. இடுக்குக்குள் நிற்கிறாள், பொந்துக்கு அங்கால். பொந்துக்கு இங்கால் ஏழு பேர், பாட்டோடு போகிறார்கள். நடுவில் கரடி.

வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அந்தக் கல்லில் ஓடுகிற வயதா எனக்கு? அறுபது தாண்டிவிட்டது. முழங்கையைச் சுவர் சிராய்த்தது, தெரியவில்லை. பாட்டுச் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. பொந்துக்கு முன்னுள்ள வளைவில் அவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம்.

வழிகாட்டியின் முன்னால் போய் நின்றேன். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். வேற்று ஆம்பிளை ஒருவரை அதற்கு முன் நான் அப்படித் தொட்டதில்லை.

"என்னம்மா? என்ன வேணும்?"

"கரடி" என்றேன். "பொந்துக்குள்ள. மச்சாள் அங்கால நிக்கிறா."

"கொப்பு கிடக்கேல்லையே அம்மா."

"தம்பி, பாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ. எல்லாரும் பின்னால போகோணும். சத்தம் இல்லாமல்."

அப்போது வளைவுக்கு அங்காலே கரடி ஒரு முறை ஊதியது. துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். பாட்டுப்பெட்டிக்காரன் தானாகவே அதை நிறுத்தினான். ஒருத்தி அழத் தொடங்கினாள். பக்கத்தில் நின்றவர் அவளுடைய வாயைப் பொத்தினார். வழிகாட்டி கையை அசைக்க, எல்லோரும் ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து வெளியே வந்தோம். இடுக்கின் வாய்க்கு நேரே நிற்க வேண்டாம் என்று பக்கத்துப் பாறையில் அவர்களை ஏற்றினேன். கரடிக்குப் போக வழி விட வேண்டும்.

பிறகுதான் பெரிய பாடு. உள்ளே இருந்து மச்சாள் கூவினாள்.

நான் பதில் கொடுத்தால் கரடிக்கு இந்தப் பக்கமும் ஆள் என்று தெரிந்துவிடும். அது அவள் பக்கம் திரும்பும். பதில் கொடுக்காவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக வருவாள். வந்தால் நேரே பொந்துக்குத்தான். ஆனால் அவளுடைய சத்தம் பின்னால் இருந்து வர வர, முன்னால் ஒரு சத்தமும் இல்லையென்றால் அது எங்கள் பக்கம் வெளியே வரும். அப்படித்தான் வர வேண்டும். வரும் என்று எழுதிக் கொடுக்க என்னால் ஏலாது.

இரண்டாம் முறையும் கூவினாள். மூன்றாம் முறை கூவும்போது குரல் உடைந்து போனது. சேலைத் தலைப்பைச் சுருட்டி என் வாய்க்குள் வைத்துக் கடித்தேன். வழிகாட்டி என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "குரல் குடுங்கோ அம்மா, பாவம்" என்று மெல்லச் சொன்னார். நான் தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். நாலாம் முறை அவள் கூவவில்லை. அந்த நேரம்தான் என் உயிர் என்னிடம் இல்லை.

கல் உருண்டது. பிறகு கரடி வெளியே வந்தது. வெயிலில் கண் கூசியதோ என்னவோ, இடுக்கின் வாயில் நின்று மூக்கை உயர்த்திப் பார்த்தது. நாலு பாகம், ஒரு இருபத்தைந்து அடி தூரம் இருக்கும். அதன் வாயைச் சுற்றிப் பாலைப்பழப் பால் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. நாங்கள் தின்னும்போது எங்கள் வாயில் ஒட்டுவது போலவே. பிறகு என் வாளியை ஒருக்கா முகர்ந்து, அதைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்த ஓடையைத் தாண்டிப் பற்றைக்குள் போய்விட்டது.

பற்றை ஆட்டம் நின்ற பிறகு, நான் கத்தினேன். கூவல் இல்லை. "மச்சாள்!" என்று, தொண்டை கிழிய. ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் முதல் வார்த்தை திட்டுத்தான்.

"செத்துப்போனாயெண்டு நினைச்சன்! ஏனடி குரல் குடுக்கேல்லை?"

"கரடி நடுவிலை நிண்டது, மச்சாள்."

அவள் பொத்தென்று கல்லில் இருந்துவிட்டாள். பிறகு வழிகாட்டியைக் கண்டாள்.

"தம்பி, படிச்ச மனிசர்தானே நீங்கள்? குறுக்கே கொப்பு கிடந்ததெல்லோ? கண் தெரியேல்லையோ?"

"ஒரு கொப்பும் கிடக்கேல்லை அம்மா. நான் பாத்துத்தான் போனனான்."

"கிடந்தது. நாங்கள் எங்கட கையாலை போட்டனாங்கள்!"

அந்த ஆறு பேரும் வழிகாட்டியைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், காசு வாங்கிக்கொண்டு இப்படியா என்பது போல முகத்தைத் திருப்பினார். வழிகாட்டிக்குச் சோறு போடுகிற தொழில் அது. அவர் என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் விஷயம் அத்தோடு போய்விடும் என்று எனக்குத் தோன்றியது உண்மை.

"நான்தான் எடுத்தனான்" என்றேன். "நீ மேலாலை போறனெண்டு சொன்னனியல்லோ. உள்ளே ஒருத்தரும் இல்லையெண்டு எடுத்தனான். நீ வந்து சேரும்வரைக்கும் நான் பொறுத்திருக்கோணும்."

மச்சாள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன்.

"பாதி ஏறினன்" என்றாள். "முழங்கால் விடேல்லை. திரும்பி இடுக்காலை வந்தன். உனக்கு ஒரு குரல் போட்டிருக்கலாம். கோவத்திலை போடேல்லை."

"அப்போ பிழை உங்கள் ரெண்டு பேரிலையும்தான்" என்றார் வழிகாட்டி. "என்னை விட்டுடுங்கோ."

முதலில் சிரித்தது மச்சாள்தான். சிரித்துக்கொண்டே அழுதாள். இடுக்குக்குள் பயந்து அழுத பிள்ளை தன் பையில் இருந்து ஒரு பிஸ்கட் பைக்கற்றை எடுத்து நீட்டினாள். மச்சாள் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, முழுவதையும் தின்றாள்.

பழம் சிந்தியது சிந்தியதுதான், பொறுக்கவில்லை. ஊருக்குப் போகும்வரை மச்சாள் என் கையை விடவில்லை. திட்டுவதையும் விடவில்லை.