என் டோக்கன் நம்பருக்கு வந்த மாம்பழப் புகை

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டுக்குப் போகிற ரோட்டில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. கவர், டெம்பர் கிளாஸ், ரீசார்ஜ் என்று போர்டில் எழுதியிருக்கும். நிஜமாகவே கவர் வாங்கப் போனால் கடைக்காரர் முகம் சுண்டிப்போகும். அவர் பிழைப்பு கவரில் இல்லை. சார்ஜர்கள் தொங்குகிற அட்டைக்குப் பின்னால் அவர் வைத்திருக்கிற வேப்பில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேப் என்பது பேட்டரியில் ஓடுகிற சிகரெட். பார்த்தால் ஸ்கெட்ச் பேனா மாதிரி இருக்கும். உறிஞ்சினால் மாம்பழ வாசனையும் ஸ்ட்ராபெர்ரி வாசனையுமாகப் புகை வரும். மாம்பழ வாசனை வேண்டுமென்றால் மாம்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் போகலாம், அது மலிவு. இதை விற்கக் கூடாது, வாங்கி வரக் கூடாது என்று நாடு முழுக்கத் தடை போட்டு வருஷங்கள் ஆகின்றன. தடையால் எங்கள் பக்கத்தில் ஒருவனும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. விலை ஏறியதுதான் மிச்சம்.

அந்தக் கடைக்காரர் பேப்பர் படிப்பதே விலை ஏற்றத்தான். எங்கோ வடக்கே ஒரு குடோனில் பெட்டி பெட்டியாகப் பிடித்தார்கள் என்று செய்தி வந்தால், இங்கே அட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் சரக்குக்கு விலை ஏறிவிடும். பிடிபட்ட சரக்குக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஆனாலும் சொந்த வீடு ரெய்டு ஆனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் மச்சானுக்கு உண்டு. என் பெண்சாதியின் தம்பி. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, மீன் நாற்றம் தலையை வலிக்கிறது என்று படகில் கால் வைக்க மாட்டேன் என்றவன். ஸ்ட்ராபெர்ரி நாற்றம் மட்டும் அவன் தலையை வலிக்கவில்லை. நான்தான் கெஞ்சி, எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டேன். எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்கள் வீட்டிலேயே நாஷ்டா தின்று, சம்பளத்தில் பாதியை அந்தச் செல்போன் கடையில் கொட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அவனோடு நானும் கடையில் நின்றேன்.

"இன்னாண்ணா, போன வாரம் ஆயிரத்து இருநூறு சொன்ன, இப்ப ஆயிரத்து ஐநூறுன்ற?"

"எளாவூர் பார்டர் செக்போஸ்ட்டுல டைட்டுபா. ஒவ்வொரு லாரிலயும் தார்ப்பாயத் தூக்கிப் பாக்குறானுங்கோ."

"நேத்து அந்தப் பக்கமா தான் வந்தேன். லாரிங்க பாட்டுக்குப் போய்க்கினு இருந்துச்சி."

"நீ போம்போது லூசு, என் சரக்கு வரும்போது டைட்டு. வேணும்னா எடு. வாணாம்னா பீடி வாங்கி வலி."

பீடி என்றதும் மச்சான் துடித்துப்போனான். அவனை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. பணத்தை எண்ணி வைத்தான். கடைக்காரர் அதை வாங்கி, அவன் கண் முன்னாலேயே இன்னொரு தடவை எண்ணினார். திருட்டுச் சரக்கு விற்கிறவருக்கு மற்றவன் மேல் இருக்கிற சந்தேகத்தைப் பார்க்க வேண்டுமே.

எங்கள் கம்பெனியில் பெயிண்டு கலக்குகிறோம். தின்னர் டிரம் வரிசையாக நிற்கும். கேட்டிலேயே தீப்பெட்டியை ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம். பேட்டரி சாமானும் உள்ளே கூடாது. மச்சான் அதை சாக்ஸில் சொருகிக்கொண்டு வந்து பாத்ரூமில் ஊதுவான். யாருக்கும் தெரியவில்லை என்று அவன் நினைப்பு. பாத்ரூம் பக்கம் போகிறவனெல்லாம், "யார்பா உள்ள ஜூஸ் போடுறது? எனக்கும் ஒண்ணு" என்று கதவைத் தட்டிவிட்டுப் போவான். உள்ளேயிருந்து சத்தம் வராது. புகை மட்டும் கதவுக்கு மேலே மாம்பழமாய் வரும்.

எனக்கோ எதற்கெடுத்தாலும் பயந்து சாகிற சுபாவம். தின்னர் பற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தினமும் வேலைக்கு நடுவில் ஒரு தடவை யோசித்து வைப்பேன். வீட்டில் சொன்னால், "அவன் சின்னப் பையன், நீதான் எடுத்துச் சொல்லணும்" என்பாள். சின்னப் பையனுக்குத் தாடி மார்பு வரைக்கும் இருந்தது.

பிறகுதான் அவன் போனில் ஒரு பேஜைக் கண்டுபிடித்தான். அதே வேப், அதே மாம்பழம், மேங்கோ ஐஸ் என்று பெயர், விலை எழுநூறு. ஊதுகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் வேறு. பணத்தை முன்னாலேயே போனில் அனுப்பிவிட வேண்டும், பார்சல் வீடு தேடி வரும்.

"பாரு மாமா, பாதி ரேட்டு. அந்த ஆளு நம்மள எப்டி மொட்டை அடிச்சிக்கினு இருந்தான் பாரு."

"பாதி ரேட்டுக்கு எவன்டா நல்ல சாமான் குடுப்பான்?"

"கடை வாடகை இல்ல, கரண்டு பில்லு இல்ல, அதான். உனுக்கு ஆன்லைன் பத்தி இன்னா தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். எட்டாவதோடு நின்றவன். ஆனால் கடைக்காரரிடம் போய் அவன் அந்தப் பேஜைக் காட்டி விலை பேசியபோது அவர் கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. "நாளைக்கு சாமான் வர்லன்னா அந்தப் பொண்ணு போட்டோகிட்டயா போய் சண்ட போடுவ?" என்றார். திருடனாக இருந்தாலும் நியாயமான கேள்வி. மச்சான் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

அவன் ஆர்டர் போட்டது எனக்குத் தெரியாது. பார்சல் கிளம்பிவிட்டது என்று என் போனுக்கு மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது. என் பெயர், என் கம்பெனி டோக்கன் நம்பர்.

இங்கே எங்கள் கேட் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கதவு நம்பர் கிடையாது. கொரியர்காரன் சந்துக்குள் வரவும் மாட்டான். அதனால் எல்லோரும் கம்பெனி கேட் விலாசத்தைத்தான் போடுவோம். பர்மனென்ட் ஆட்களுக்கு வருகிற பார்சலை மட்டும் செக்யூரிட்டி வாங்கி வைப்பார். கான்ட்ராக்ட் டோக்கன் அடிக்கடி மாறும் என்பதால் அவர்கள் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே கான்ட்ராக்ட்காரன் ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்த ஒரு பர்மனென்ட்காரன் பெயரில்தான் ஆர்டர் போடுவான். என் பெயரில் குழந்தை ஜட்டி வந்திருக்கிறது, குக்கர் விசில் வந்திருக்கிறது. நான் கேட்டதே இல்லை. அந்த வரிசையில் இதையும் போட்டிருந்தான் மடையன்.

அந்த வாரம் பார்த்து கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இனி வருகிற பார்சல்கள் உரியவர் முன்னிலையில் பிரித்துச் சோதிக்கப்படும், தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் டோக்கன் பறிக்கப்படும், போலீசில் ஒப்படைக்கப்படும். கீழே சிகரெட் மேல் சிவப்புக் கோடு போட்ட படம். பக்கத்திலேயே வேப்புக்கும் ஒரு படம் போட்டுக் கோடு போட்டிருந்தார்கள். படம் வரைந்தவனுக்கு அதை நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் பர்மனென்ட் ஆவதற்குப் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கதை. எத்தனையோ சூப்பர்வைசர்களுக்குப் பொங்கலுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, லீவு என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல் இருந்து வாங்கிய டோக்கன் அது. பித்தளையில் செய்த சின்ன வில்லை. அது போனால், என் படிப்புக்கு அடுத்த வேலை வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதுதான்.

மச்சானைப் பிடித்து உலுக்கினேன். "கேன்சல் பண்ணுடா."

"பேஜுல கேட்டேன் மாமா. ஹார்ட்டு போட்டுக்கிறான்."

"இன்னா ஹார்ட்டு?"

"செவப்பு ஹார்ட்டு."

என் பிழைப்பு போகிறது, அந்தக் களவாணி ஹார்ட்டு போடுகிறான்.

செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே போய், என் பெயரில் பார்சல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார். அது என்னுடையது இல்லை என்று சாதிக்கலாம். சாதித்தால், அப்படியென்றால் யாருடையது என்று சேஃப்டி ஆபீசர் வருவார். மச்சானைக் காட்டிக்கொடுக்கலாம். கொடுத்தால், அவனைச் சேர்த்துவிட்டது யார் என்ற கேள்விக்கு மறுபடி என்னிடமே வருவார்கள். எப்படிச் சுற்றினாலும் என் வில்லையில்தான் வந்து நின்றது. சோறு இறங்கவில்லை. மச்சானுக்கு இறங்கியது, இரண்டாம் தடவை குழம்பு கேட்டான்.

இரண்டு மணி ஷிப்டு மாறுகிற நேரத்தில்தான் செக்யூரிட்டி பார்சல்களுக்கு டோக்கன் நம்பர் கூப்பிடுவார். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கேட்டில் நிற்பார்கள். எங்கள் செக்யூரிட்டி ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள், வயசானவர், மீசையை முறுக்கி வைத்திருப்பார். ஒருநாள் என் நம்பரைக் கூப்பிட்டார். மச்சான் எனக்குப் பின்னால் நின்றவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

"இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துக்கிது? பார்சல் தான, பாம்பா?" என்று பிளேடை எடுத்தார்.

"நா... நானே ஊட்ல போயி பிரிச்சிக்கிறேண்ணா."

"நோட்டீஸ் படிக்கல நீ? ஆபீசருக்கு யாரு பதில் சொல்றது?"

டேப்பைக் கிழித்தார். உள்ளே முட்டை முட்டையாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் தாள், சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. அவர் விரலால் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். டப் என்றது. கடைசித் தாளை எடுத்தபோது உள்ளேயிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஒரு குட்டி டப்பாவும் விழுந்தன. சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதினால் குமிழி விடுமே, திருவிழாவில் விற்பார்கள், அது.

சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். "இன்னா மாமே, உனுக்கா இது? ஊது ஊது, பாப்போம்!" இன்னொருவன், "பர்மனென்ட்டு ஆயிட்டாரு, வெளையாடுறாரு" என்றான்.

செக்யூரிட்டி சிரிக்கவில்லை. குழாயைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிட்டே வந்து மெல்லக் கேட்டார்.

"மேங்கோ ஐஸ் போட்டியா?"

நான் குனிந்து கீழே விழுந்த டப்பாவை எடுத்தேன்.

"எழுநூறு டப்பு. வெள்ளக்காரி போட்டோ. நானும் போன மாசம் போட்டேன். எனுக்கு ஒரு டார்ச் லைட்டு வந்துச்சி, அதுவும் எரியல. உனுக்காவது ஊதுறதுக்கு எதுனா வந்துக்கிது." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கொயந்த சாமான்பா, எடுத்துக்கினு கெளம்பு. அடுத்த நம்பரு!" என்றார்.

எங்கள் எல்லோர் பையையும் தடவித் தீப்பெட்டி தேடுகிறவர், நோட்டீசுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். இவர் கையில்தான் என் டோக்கன் இருந்தது. பயம் இறங்கியதும் எனக்கு வந்தது நன்றி இல்லை, அருவருப்புதான்.

மச்சான் வீட்டுக்கு வந்து குமிழிக் குழாயைப் பார்த்துவிட்டு, பேஜில் கெட்ட வார்த்தையாக எழுதினான். உடனே அவனை பிளாக் செய்துவிட்டார்கள். அப்போது என்னைக் கேட்டான்: "மாமா, போலீஸ்ல ஒரு கம்ப்ளைண்டு குடுக்கலாமா?"

"இன்னான்னு குடுப்ப? தடை பண்ணுன சாமான் கேட்டேன், அத ஒயுங்கா அனுப்பலன்னா?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

செல்போன் கடைக்காரர் கூடுதலாக வாங்கிய எண்ணூறு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது சரக்குக்கு இல்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கூலி. போனில் இருப்பவனுக்கு முகம் இல்லை, அதனால் பாதி விலை. சட்டத்துக்கு வெளியே போய் வாங்குகிறவனுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், அதில் எது லாபம் என்று கணக்குப் போடுகிறவனைத்தான் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மச்சான் மறுபடி கடைக்குப் போனான். திரும்பி வந்தவனிடம் விலை கேட்டேன். ஆயிரத்து எண்ணூறு என்றான். "கேட்டாண்ட நடந்தது அவனுக்குத் தெரிஞ்சிடிச்சி மாமா."

நான் என்னால் ஆனதைச் செய்தேன். செக்யூரிட்டியிடம் போய், இனி என் டோக்கன் நம்பருக்கு எந்தப் பார்சலையும் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர் இப்போது என்னிடம் முகம் கொடுப்பதில்லை. ஒருவனுக்குக் கொசுவலை திரும்பிப் போய்விட்டது, இன்னொருவனுக்கு மகளின் பள்ளிக்கூட ஷூ. என் பெண்சாதி ஆசையாகக் கேட்டிருந்த நைட்டியும் அதே வழியில் போனது. "ஊர்ல எல்லார் ஊட்டுக்கும் பார்சல் வருது. நம்ம ஊட்டுக்கு மட்டும் கம்பெனி கேட்டோட திரும்பிப் போவுது. பேஜாரா கீதுயா உன்னோட" என்கிறாள். சொல்லட்டும்.

இன்றைக்கும் இரண்டு மணிக்கு வெளியே வந்ததும் நான் பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. செக்யூரிட்டி கடைசிப் பார்சல் வரைக்கும் நம்பர் கூப்பிட்டு முடிக்கும்வரை, சட்டைப் பையில் வில்லையைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு ஓரமாக நிற்கிறேன்.