சுண்ணாம்பு அடித்த மீன்தொட்டி

பாண் ரொட்டிக்குக்கூட வரிசையில் நின்ற வருடம் அது. என் மனைவிக்கு நாலு மாதம். தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் போதாது, மீனும் கீரையும் கொடுக்க வேண்டும் என்றார். பதுளைச் சந்தையில் மீன் விலை எங்கள் கைக்கு எட்டாது. கீரை போடலாம் என்றால், லயத்து வரிசை வீட்டின் பின்னால் எங்களுக்கு இருந்த இடம் இரண்டு பாய் விரிக்கும் அளவுதான்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் குழாய் பொருத்தும் வேலையில் இருந்தேன். மீன் வளரும் தண்ணீரிலேயே காய்கறி வளர்ப்பது பற்றிப் பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் கல்லால் ஒரு தொட்டி கட்டினேன். ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழம். லயத்துப் பீலிக் குழாயில் வழிந்தோடும் தண்ணீரை மூங்கில் வைத்துத் திருப்பி அதை நிரப்பினேன். தொட்டிக்கு மேல் இரண்டு பீப்பாய்களை நெடுக்கே பிளந்து வைத்து, சரளைக்கல் நிரப்பி, கங்குன் கீரையும் தக்காளியும் நட்டேன். காலையும் மாலையும் தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு பீப்பாய்களில் ஊற்ற வேண்டும். மீனின் கழிவு செடிக்கு உரமாகும். சரளையில் வடிந்த தண்ணீர் துளை வழியாகத் தொட்டிக்கே திரும்பும்.

மகியங்கனைப் பக்கத்துக் குளத்திலிருந்து பிஸ்கட் டின்னில் நாற்பது திலாப்பியாக் குஞ்சுகள் கொண்டுவந்தேன். பஸ்ஸில் இரண்டு செத்தன. பிரசவத்துக்கு முன் மீதி உள்ளங்கை அளவு வளர்ந்துவிடும் என்பது என் கணக்கு. ஏழாம் மாதத்தில் அவை நாலு விரல் அகலம் இருந்தன.

அப்போதுதான் தோட்ட மேனேஜரான துரை அனுப்பிக் கணக்குப்பிள்ளை வந்தார்.

"கொழும்பு ஆபீசுலேருந்து பெரியவர் வாறாரு. ஒன் தொட்டியக் காட்டணும்னு துரை சொல்லிட்டாரு. நாளைக்குள்ள வெள்ளை அடிச்சிரு."

"உள்ளயுமா ஐயா?"

"வெளிய வெள்ளையும் உள்ள பாசியுமா காட்டுவே? துரை மானம் போயிரும்பா."

பெரியவர் யாராவது வந்தால் எங்கள் தோட்டத்தில் வடிகால் கான் ஓரம், பாதைக் கல், மரத்தின் அடி எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. மீன் இருக்கும் தண்ணீரில் புதுச் சுண்ணாம்பு படக் கூடாது என்று அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான்தான் அதன் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். கணக்குப்பிள்ளையிடம் அதைச் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். பெரியவர் என் தொட்டியைப் பார்க்கட்டும் என்ற ஆசை இன்னொன்று.

மீன்களைத் தொட்டியிலிருந்து அண்டாவுக்கு மாற்றியபோது மனைவி வாசலில் நின்றாள்.

"ஏங்க, மீனு வெத்தலயா போடுது, சுண்ணாம்பு குடுக்குறீங்க?"

"காஞ்சிரும் புள்ள. ஒண்ணும் ஆகாது."

உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்து, ஒரு பகல் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டேன். மறுநாள் காலை முப்பத்தெட்டும் வயிறு மேலாக மிதந்தன. மனைவி வந்து பார்த்தாள். கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். சுண்ணாம்பில் செத்ததைத் தின்னக் கொடுக்கப் பயந்து எல்லாவற்றையும் புதைத்தேன்.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். மீன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். வெயிலுக்குப் பயந்து அடியில் கிடக்கிறது என்று கணக்குப்பிள்ளை அதே மொழியில் பதில் சொன்னார். பெரியவர் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்து, நல்ல சுத்தம் என்றார். ஐந்து நிமிடத்தில் ஜீப் போய்விட்டது. அந்த வாரமே கங்குனின் நுனி கருகியது.

அடுத்த மாதம் துரை கூப்பிட்டு, பங்களாவுக்கும் இப்படி ஒரு தொட்டி வேண்டும் என்றார். சீமெந்து கொடுத்தார், இரண்டு ஆள் கொடுத்தார். அங்கே நான் வேலையில் இருந்தபோதுதான் மனைவிக்கு மாதம் நிறையாமலே வலி வந்து, லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. எடை நாலு ராத்தல்கூட இல்லை. பதினோராம் நாள் போய்விட்டது. மீன் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

காரியம் முடிந்து நான் பங்களாவுக்குப் போனபோது, கணக்குப்பிள்ளை அங்கே சுண்ணாம்பு வாளியோடு நின்றார். துரை வராந்தாவில் இருந்தார்.

"உள்ள சுண்ணாம்பு வேணாங்க துரை. மீன் செத்துரும்" என்றேன்.

துரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்ப வேணாம்" என்றார்.