பாட்டுக்கு நடுவுல பேசுறவர்

டிவிடி வாடகைக்கு விடற தொழில்ல, டிஸ்க்கைத் திருடிட்டுப் போறவன்கூட ஒருவிதத்துல நல்லவன். அவன் திரும்பி வந்து படம் சரியில்லன்னு உயிரை வாங்க மாட்டான். கடை வெச்சு நொந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். ரெண்டாயிரத்து அஞ்சு வாக்குல திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல எனக்கு ஒரு டிவிடி கடை இருந்துச்சு. வீட்ல பிளேயர் இல்லாதவங்களுக்கு டிஸ்க்கோட பிளேயரையும் வாடகைக்குக் குடுப்பேன். என் தலைவலி எல்லாம் அந்தப் பிளேயர்லதான் ஆரம்பிச்சுது.

கூப்பிடாத விருந்தாளி

அப்ப ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் டிவிடியா வந்துச்சு. இருபத்திரண்டு பாட்டு. கதை எங்கயாவது நடுவுல தலை காட்டும், அவ்ளோதான். ஊர்ல வயசானவங்க எல்லாம் அதைக் கேட்டு வரிசை கட்டுனாங்க. ஆனா எடுத்துட்டுப் போறவங்கள்ல பாதிப் பேர் மறுநாளே மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு வந்து நிப்பாங்க. நான் கடையில போட்டுப் பாத்தா நல்லாத்தான் ஓடுது. எனக்கு மண்டை காஞ்சு போச்சு. ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருத்தர் சொன்னதை அப்படியே சொல்றேன்: "பாட்டு ஆரம்பிச்சா போதும்மா, எவரோ ஒரு பெரியவர் உள்ள உக்காந்து பேசிட்டே இருக்காரு. அவரை வெளிய அனுப்பிட்டுக் குடு."

பெரியவரோட ரசிகர்

இதுக்கெல்லாம் காரணம் ஹென்ரிக்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வெளிநாட்டுக்காரர். ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, மூணு வருஷமா தமிழ் கத்துக்கிட்டு இருந்தாரு. அந்த டிஸ்க்ல ரெண்டு சத்தம் இருக்குன்னு அவருதான் காட்டுனாரு. ஒண்ணு படத்தோடது. இன்னொண்ணு, அந்தப் படத்துல டான்ஸ் சொல்லிக் குடுத்த உதவி மாஸ்டர், வயசான காலத்துல படத்தைப் பாத்துக்கிட்டே யார் ஆடுனாங்க, யார் சறுக்குனாங்கன்னு பேசுன பேச்சு. ரிமோட்ல ஒரு பட்டனை அமுக்குனா மாறும். இவரு பேச்சுக்கு மாத்தி வெச்சிட்டு, அப்படியே பிளேயரைத் திருப்பிக் குடுத்துடுவாரு. பிளேயரும் அதையே ஞாபகம் வெச்சுக்கும், அடுத்து எடுத்துட்டுப் போறவங்க வீட்லயும் பெரியவர்தான் பேசுவாரு.

எனக்கு வந்துச்சே கோவம். இத்தனை பாட்டு இருக்க, அந்தப் பேச்சுல அப்படி என்ன இருக்குன்னு எரிஞ்சு விழுந்தேன். அவரு நிதானமா சொன்னாரு: "பாட்டு எல்லாரையும் காட்டுது. இவர் மட்டும்தான் பேர் சொல்றார்."

என் கெட்டிக்காரத்தனம்

பேராவது ஒண்ணாவது. எனக்கு வாடிக்கையாளர் முக்கியம். நேரா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்த பாபுகிட்ட போனேன். படத்தோட சத்தம் மட்டும் இருக்கற மாதிரி காப்பி போடச் சொன்னேன். தப்புதான், ஒத்துக்கறேன். ஒரிஜினலை ஹென்ரிக் கையில குடுத்து, வெச்சுக்குங்க, என்னை விட்டுடுங்கன்னு கும்பிட்டேன். காப்பியை என்கிட்ட நீட்டும்போது பாபு பெருமையா சொன்னான்: "இனிமே அந்தப் பெரியவர் வாயே தொறக்க மாட்டாருக்கா."

சரோஜாம்மா

நாலு மாசம் நிம்மதியா போச்சு. ஒரு பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் சரோஜாம்மா வந்தாங்க. அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையில எலுமிச்சை ஜூஸ் கடை போட்டிருக்கறவங்க. அறுபது வயசைத் தாண்டிட்டாங்க. சின்ன வயசுல மெட்ராஸ்ல குரூப் டான்ஸ் ஆடுனவங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வயசான கலைஞர்களுக்குக் குடுக்கற உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தாங்க. ஆபீஸ்ல ரெண்டு வருஷமா அலைய விட்டுட்டு, நீங்க ஆடுனதுக்கு ஆதாரத்தோட நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க, இல்லன்னா ஃபைலை மூடிடுவோம்னு சொல்லிட்டாங்களாம். அந்த மாஸ்டரைக் கேக்கலாம்னா, அவரு போன வருஷம் போய்ச் சேந்துட்டாரு. கூட ஆடுனவங்க ஒருத்தங்க போன்ல சொல்லியிருக்காங்க, டிவிடியில மாஸ்டர் உன் பேரைச் சொல்றாருடின்னு.

என் காப்பியைப் போட்டேன். மூணாவது பாட்டு. பதினாறு பொண்ணுங்க தலையில குடத்தோட, முதுகைக் காட்டிக்கிட்டு ஆடறாங்க. ஒரு மூஞ்சிகூடத் தெரியல. பேச்சும் இல்ல. எங்கிருந்து வரும், நான்தான் அழிச்சிட்டேனே. டிவியையே பாத்துட்டிருந்த சரோஜாம்மா கேட்டாங்க: "இது என் முதுகுதான்னு நான் சொன்னா எந்த ஆபீசரும்மா நம்புவாரு?"

நாலு மணி பஸ்

டிஸ்க் போட்ட கம்பெனிக்குப் போன் பண்ணா, அது மூடியே ஆறு மாசமாம். ஹென்ரிக் ரூமுக்குப் பண்ணா, காலி பண்ணிட்டுக் கிளம்பிட்டாரு, நாலு மணி பஸ்ல மெட்ராஸ் போயி ராத்திரியே ஃபிளைட்டுன்னாங்க. மணி மூணேகால். பௌர்ணமி ஆச்சா, பஸ் எதையும் ஊருக்குள்ள விடல. எல்லாம் ஊருக்கு வெளிய தற்காலிக ஸ்டாண்டுல நிக்குது. ஸ்கூட்டியை எடுத்தேன். பாதி வழியில போலீஸ் மடக்கிட்டாங்க. வண்டியை ஒரு பூக்கடை ஓரமா போட்டுட்டு, வர்ற கூட்டத்துக்கு எதிர்ல ஓடுனேன். அண்ணாமலையாரே, இந்த ஒருவாட்டி காப்பாத்துன்னு வாய் விட்டே சொல்லிட்டுப் போனேன்.

அங்க போனா முப்பது பஸ் நிக்குது. ஒவ்வொண்ணா ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். நாலாக ரெண்டு நிமிஷம் இருக்கு, டிரைவர் ஏறி உக்காந்த பஸ்ல அவரு இருந்தாரு. மூச்சு வாங்குது, பேச்சு வரல. சரோஜா, குட டான்ஸுன்னு மட்டும் சொன்னேன். அவரு பையைப் பிரிச்சு டிஸ்க்கை எடுத்துக் குடுத்துக்கிட்டே ஒப்பிச்சாரு: "மூணாவது பாட்டு. இடது ஓரம். திருவண்ணாமலைப் பொண்ணு."

பதினோரு மணி

மறுநாள் ஆபீஸ் மேஜை மேல பிளேயரையும் குட்டி டிவியையும் நானே தூக்கிட்டுப் போய் வெச்சேன். பேச்சுக்கு மாத்துனேன். ஆபீசர் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்தாரு. குட டான்ஸ் வந்ததும் மாஸ்டர் குரல் வந்துச்சு. இடது ஓரத்துல ஒரு கால் தாங்கி ஆடுது பாருங்க, அது திருவண்ணாமலைப் பொண்ணு சரோஜா, கட்டைவிரல் ஒடிஞ்சிருந்துச்சு, சொன்னா அன்னிக்குக் கூலி போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல, எனக்கே அப்புறம்தான் தெரியும்னாரு. ஆபீசர் மேஜைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரு. சரோஜாம்மா செருப்பைக் கழட்டுனாங்க. கட்டைவிரல் இன்னும் கோணலாத்தான் இருந்துச்சு.

ஆபீசர் ஃபைல்ல கையெழுத்துப் போட்டாரு. பேனாவை மூடிட்டு, அருமையான பாட்டு, அந்தப் பேச்சை நிறுத்திட்டு இன்னொருவாட்டி போடுங்கன்னாரு. பழக்க தோஷம், என் கை ரிமோட்டுக்குப் போச்சு. சரோஜாம்மா என் கையைப் பிடிச்சாங்க: "பாட்டை எப்ப வேணா கேக்கலாம் சார், அவரு பேசட்டும்."

அதுக்கப்புறம் அந்த ஒரிஜினலையே, பேச்சுக்கு மாத்தி வெச்சு வாடகைக்கு விட்டேன். புகார் வந்துட்டுதான் இருந்துச்சு. ஆனா நான் டிஸ்க்கை மாத்தறதை விட்டுட்டு வாடிக்கையாளரை மாத்திக்க ஆரம்பிச்சேன்.