நாலாவது தந்தி மெலிசு

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டாரும், என் யுகுலேலேயைப் பார்த்த பிறகு பதிலே சொல்லவில்லை. அதனால் மூன்றாவது ஆள் வருகிற அன்று அம்மா அதை மாடி அறை அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டாள். அதில் ஒரு தந்தி அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புதுத் தந்திகளை வாங்கிவிட்டு, மாட்டத் தெரியாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன்.

வந்தவர் பண்பொழிக்காரர். விவசாயக் குடும்பம், போலீஸ் வேலை. குற்றாலத்தில் சீசன் டியூட்டி முடித்து, பாதி நனைந்து நேராகத் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரு வீட்டுப் பெரியவர்களும் எங்களைப் பத்து நிமிடம் பேசிவிட்டு வரச்சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். ஏறியதும் அவர் கண் அலமாரிமேல்தான் போனது.

"இது என்னது, குட்டி கிட்டாரா?"

"யுகுலேலே. வாசிப்பேன். கல்யாணம் ஆனாலும் வாசிப்பேன்."

சண்டைக்கு இழுக்கிற குரலில்தான் சொன்னேன். முகம் சுளித்தால், கீழே இறங்கி வேண்டாமென்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன்.

சுளிக்கவில்லை. "ஒரு கம்பியக் காணோமே, மாட்டிருவோமா?" என்றவர், நான் வாய் திறக்குமுன் அதை இறக்கி, தலைப்பக்கத்து முறுக்காணிகளைத் திருகி மீதி மூன்றையும் கழற்றிவிட்டார். எனக்குப் பகீரென்றது. பக்கத்தில் இருந்த புதுத் தந்திகள் நாலையும் மெத்தையில் பரப்பி, அணிவகுப்புக்கு ஆள் நிறுத்துகிற மாதிரி தடித்ததிலிருந்து மெலிந்ததுவரை வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றையும் கீழ்ப்பக்கத்துப் பிரிட்ஜ் கட்டையின் துளையில் நுழைத்து, கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சைப் போட்டு, மேலே முறுக்கி முடித்து நிமிர்ந்தார்.

"தப்பு" என்றேன்.

"முடிச்சா?"

"முடிச்சு நல்லாத்தான் இருக்கு. வரிசை தப்பு. கீழருந்து எண்ணினா நாலாவது, மேல இருக்கிறது, மெலிசு. அதுக்கு அடுத்ததுதான் தடி."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. இவர் போலீஸ் வேறு.

"இது என்ன நியாயம்? பெரியவன் முன்னால, சின்னவன் பின்னால நிக்கண்டாமா?" என்று தந்திகளையே முறைத்தார். பிறகு வெடித்துச் சிரித்துவிட்டு, நாலையும் அவிழ்த்துப்போட்டார். இந்த முறை நான் பிடிக்க, அவர் கட்டினார். என் விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். சிரித்த சிரிப்பில் முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை.

"ஏட்டி, அங்கன என்ன சத்தம்?" என்று கீழிருந்து அம்மா கத்தினாள். முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது.

போன் ஆப்பைப் பார்த்துச் சுருதி சேர்த்து ஒருமுறை மீட்டினேன். ஆஹா! மறுமுறை மீட்டினால் நாலும் சுருதி இறங்கிவிட்டன. அவர் முகமும் இறங்கிவிட்டது.

"என் முடிச்சுதான் நழுவுது. எனக்கு இதெல்லாம் சரிப்படாது, விடுங்க" என்று எழுந்தார்.

போய்விடுவாரோ என்று எனக்கு உயிரே போனது.

"முடிச்சு நழுவல. புதுக் கம்பி அப்படித்தான் இழுபடும். நாலஞ்சு நாளைக்குத் தெனமும் முறுக்கணும்."

"தெனமுமா? யாரு முறுக்குவா?"

அதற்குள் எங்கள் வீட்டாரும் அவர் வீட்டாரும் படியேறி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். முறுக்கிச் சுருதி ஏற்ற எனக்கே நன்றாகத் தெரியும்.

"நீங்கதான்" என்றேன். "நாளைக்கும் வருதீங்களா?"